ஊதா முத்திரை

மாலை நான்கு மணிக்குத் திருவிழா ஊர்வலம் புறப்பட வேண்டிய புனிதர், நான்கு இருபதுக்கும் மட்டாஞ்சேரித் தெருவில் எட்டுப் பேர் தோள்மேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போக வேண்டிய பேண்ட் செட்டின் டிரம் போலீஸ் ஸ்டேஷன் மேஜைமேல் இருந்தது.

அதை அடிக்கிற ரோஜா தங்கப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தினமும் மாநகராட்சித் துப்புரவு வேலை, திருவிழா நாட்களில் பேண்ட். வேலை அடுத்த மாதம் நிரந்தரமாகிறது. திருட்டுக் கேஸ் விழுந்தால் ஆகாது.

புகார் கொடுத்தவர் ராமபத்ரன். எர்ணாகுளத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறார். ஊர்வலம் கிளம்பும் முன் ரோஜா நான்கு தட்டு தட்டிப் பார்த்தாள். தெருமுனையில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸோடு ஓடிவந்து டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கடையிலேர்ந்து திருடு போய் மூணு வாரம் ஆச்சு மேடம். சத்தம் கேட்டதுமே தெரிஞ்சுடுத்து. என் குழந்தை."

"குழந்தைக்கு அங்க அடையாளம் ஏதாவது உண்டா?" என்றார் எஸ்.ஐ. அம்ருதா. பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாக வரும்.

ராமபத்ரன் அறிவிப்புப் பலகையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். அது பிடித்துக்கொண்டிருந்த, காணாமல் போன ஒருவர் தரையில் விழுந்தார். காந்தம் டிரம்மின் பக்கத்தில் டக்கென்று ஒட்டியது.

"ஸ்டீல். பித்தளைன்னா ஒட்டாது. கம்பெனி பேர் போட்ட தகடு கிடையாது, பாருங்கோ. அந்தக் காலத்துல ஜப்பான்காரன் இப்படி மொட்டையாத்தான் அனுப்புவான். வாங்கறவன் தன் பேரைப் போட்டுப்பான். அமெரிக்காக்காரனைப் பார்த்துக் காப்பியடிச்சு, கடைசியில அவனையே மிஞ்சிட்டான்."

"காப்பியடிச்சு முன்னேறின ஆளுங்க இங்கேயும் உண்டு," என்று அம்ருதா கான்ஸ்டபிள் சுஜித்தைப் பார்த்தார்.

ராமபத்ரன் பக்கவாட்டு லீவரைத் தூக்கி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். அடியில் இருந்த கம்பிகள் சரசரத்தன. லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கேட்டேளா? இந்த லீவரே ஜப்பான்னு சொல்லும்."

அம்ருதா ரோஜாவிடம் திரும்பினார். "இது எந்த ஊர் டிரம்னு உனக்குத் தெரியுமா?"

"மட்டாஞ்சேரி, மேடம்."

சுஜித் சிரித்தார்.

"எங்க பேண்ட் மாஸ்டர் பாலையா அண்ணன் ஆக்ரிக் கடையில பழைய இரும்போட எடுத்தது. ஒம்பது வருஷமா நான்தான் அடிக்கறேன்."

"பில்?"

"பழைய இரும்புக்கு எவன் மேடம் பில் தருவான்? பேண்ட்ல பதினோரு பேரு இருக்காங்க, கேளுங்க."

"பதினோரு பேருக்கும் ஒரே கோட்டு. ஒரே மாதிரிதான் பேசுவாங்க. நீ சொல்லு. என்ன அடையாளம்?"

ரோஜா யோசித்தாள். "ஒண்ணும் தெரியாது மேடம். கம்பி லூசானா சத்தம் மாறும், அவ்வளவுதான். போன மாசம் அப்படி ஆச்சுன்னு அண்ணன் எர்ணாகுளத்துக்கு ரிப்பேருக்குக் கொண்டு போனாரு. பத்து நாளு நான் பெயின்ட் வாளி அடிச்சேன். ரெண்டு கல்யாணம், ஒரு சாவு. செத்தவரு மட்டும்தான் ஒண்ணும் சொல்லல."

"அண்ணனுக்குப் போன் போடு."

"கும்பளங்கித் திருவிழாவுல இருக்காரு. வாயில கிளாரினெட் இருந்தா போன் எடுக்க மாட்டாரு."

ராமபத்ரன் பரிதாபமாகத் தலையாட்டினார். "வாளியும் இதுவும் அவளுக்கு ஒண்ணு மேடம். இது கப்பல்காரன் ஒருத்தன்கிட்ட பெட்டி பிரிக்காம வாங்கினது. இருபத்தாறு வருஷம் கண்ணாடி அலமாரியில வெச்சிருந்தேன். ஒரு ஸ்க்ரூ திருப்பினதில்லை. ஜப்பான்ல முடுக்கினது முடுக்கினபடி இருக்கு. இதோட மரியாதையே அதுதான். மூணு வாரத்துல எத்தனை கீறல் போட்டிருக்கா பாருங்கோ."

"நீங்க சொல்றதுக்கு ருசு?"

"உள்ளே சத்தத்தை அமுக்க ஒரு பஞ்சுத் தட்டு இருக்கும். அதைக் கழட்டினா, பின்னாடி ஊதா மையில ஒரு முத்திரை. அறுபத்தெட்டு, மார்ச். இல்லேன்னா நான் நடந்தே எர்ணாகுளம் போறேன்."

சுஜித் ஸ்க்ரூடிரைவரும் ஸ்பானரும் கொண்டுவந்தார். மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றில் புது சைக்கிள் மணிகூட ஒரு மழைக்காலம் தாங்காது. ஸ்டேஷன் கேட்டைத் திறக்கவே இரண்டு பேர் வேண்டும். டிரம்மின் திருகுகள் ஒரே திருப்பில் கழன்று வந்தன.

தோல் வந்தது. பஞ்சுத் தட்டு வந்தது. பின்னால் ஊதா மையில் முத்திரை இருந்தது. அறுபத்தெட்டு, மார்ச்.

சுஜித் விசிலடித்தார். ராமபத்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புனிதரைச் சுமப்பவர்களில் ஒருவரான சேவியர் வாசலில் எட்டிப் பார்த்தார். "மேடம், ரெண்டு தடவை தோள் மாத்தியாச்சு. புண்ணியாளனை ஒரு ஆட்டோவுல ஏத்திடட்டுமா?"

அம்ருதா பேனாவைத் திறந்தார். "ரோஜா, நீயா குடுத்துடறியா? இல்ல, உன் பேரை எழுதவா?"

ரோஜா எழுந்து மேஜையருகே வந்தாள். திருகு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள். விரலில் எண்ணெய் ஒட்டியது. சிவப்புக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பலேன்னா, உள்ளே எழுதியிருக்கறதை எப்படி சேட்டா படிச்சீங்க?"