கடைசிக் கம்பம்

“அந்தக் கடைசி ஊரை மட்டும் ஏன் விட்டிட்டியள்?”

சாப்பாட்டு மேசை முழுக்க விரிந்து கிடந்த வரைபடத்தின் மேல் தேநீர்க் கோப்பையை வைக்கப்போன செல்வநாயகி, கையை அப்படியே நிறுத்திக் கேட்டாள்.

“கோப்பையை அங்காலை வை. திங்கக்கிழமை குடுக்கவேண்டிய மாப்,” என்றார் ஆனந்தராசா.

அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியிருந்த ஒனிஹங்காவில் காலையிலிருந்தே மழை. ஆனந்தராசா எஞ்சினியராக இருந்த கம்பனி, உதவிப் பணத்தில் பசிபிக்கின் சின்னத் தீவு ஒன்றுக்கு மின்சாரம் கொடுக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கம்பி எந்தெந்த ஊர் வழியாகப் போகவேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது அவர் வேலை. அந்தக் கோடு, தென்கோடியில் இருந்த ஊருக்கு முன்பாகவே நின்றுபோயிருந்தது.

“அது மெலேயின்ரை ஊர்,” என்றாள் செல்வநாயகி. மெலே, தையல் ஃபாக்டரியில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் இருப்பவள். “பிள்ளையளுக்குப் போடுற ஊசிமருந்து வள்ளத்திலை ஐஸ் பெட்டிக்குள்ளை வருதாம். வந்து சேர முதலே ஐஸ் கரைஞ்சுபோமாம். போன வருஷம் அவளின்ரை தங்கச்சியின்ரை பிள்ளைக்கு ஊசி போடேலாமல் வருத்தம் வந்து, கடைசியிலை ஆளைக் காப்பாத்தினதே பெரும்பாடாம். அங்கை ஒரு ஃபிரிட்ஜ் ஓடினாப் போதும் எண்டு அழுறாள். ‘உன்ரை மனுசன்தானே லைன் கீறுறார்’ எண்டு என்னைக் கேக்கிறாள். நான் என்ன சொல்ல?”

“அங்கை பதினொரு வீடுதான் எண்டு சொல்லு. கரண்டை வித்து, போட்ட காசு திரும்பி வரவேணும். காசு தாறவையின்ரை சட்டம் அது. ஊசிமருந்து வேறை இலாகா.”

ஹீட்டருக்கு முன்னால் ஈரக் காலுறையைக் காயவைத்துக்கொண்டிருந்த கிளறன்ஸ் திரும்பிப் பார்த்தார். இலங்கையில் மின்சார இலாகாவில் லைன்மனாக இருந்தவர். இப்போது மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறார். ஆனந்தராசாவை மட்டும் இன்னும் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்.

“கேட்டீரோ தம்பி,” என்றாள் செல்வநாயகி. “வீட்டை எண்ணுறாராம். எங்கட ஒழுங்கையிலை எத்தினை வீடு இருந்தது? எங்கட வீடு ஒண்டுதான். அதுக்கும் கரண்டுப் போஸ்ற் வந்தது. அதைப் போட்ட எஞ்சினியரெல்லோ மனுசன்.”

“தொடங்கிட்டா,” என்றார் ஆனந்தராசா. “கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து உந்த எஞ்சினியர் புராணம்தான், கிளறன்ஸ்.”

“ஏன், சொன்னால் என்ன? சந்தியோடை நிப்பாட்டாமல் ஒழுங்கை முடியுமட்டும் கொண்டுவந்து போட்டவர். முதல் நாள் பல்ப் எரிய அம்மா அதைக் கும்பிட்டவ. அப்பிடி ஒரு நெஞ்சு வேணும். எல்லாருக்கும் வராது.”

“ஆர் அந்த எஞ்சினியர் எண்டு தெரியுமோ அக்கா?”

“நான் என்னத்தைக் கண்டன். இவரைக் கேட்டால், அப்ப தான் தூரத்திலை, லக்ஸபானா மலைப்பக்கம் வேலை எண்டுறார்.”

கிளறன்ஸுக்குத் தேநீர் புரையேறியது.

“சேர் லக்ஸபானாவிலையோ?”

“கிளறன்ஸ், தேத்தண்ணியைக் குடியும்.”

“குடிக்கிறன் சேர். ஆனா அக்கா, ஒரு வீட்டுக்காக லைன் இழுக்க இலாகா விடாது. அதாலைதான் உங்கட கிணத்துக்கு மோட்டர் பூட்டப்போகினம் எண்டு எழுதினது.”

“எங்கட கிணத்துக்கு ஒருநாளும் மோட்டர் வரேல்லையே.”

“வராதுதான்.”

“உமக்கெப்பிடி உதெல்லாம் தெரியும்?”

“கடைசிப் போஸ்ற்றுக்கு ஏணி பிடிச்சது நான்தானே.”

“ஏறினது?”

கிளறன்ஸ் ஆனந்தராசாவைப் பார்த்தார்.

“வேலி,” என்றார் ஆனந்தராசா. “உன்ரை அப்பா அடைச்ச கிடுகு வேலி ஆளுயரத்துக்கு மேலை. தரகர் சாதகத்தை மட்டும் கொண்டுவந்து நீட்டினார். படம் குடுக்க உங்கட வீட்டிலை விடேல்லை. ஒருக்காலும் பாக்காமல் எப்பிடி ஓமெண்டு சொல்லுறது?”

“அதுக்குக் கரண்டுக் கம்பமோ?”

“வேறை எதிலை ஏறுறது?”

“பக்கத்துக் காணியிலை பனை நிக்குது, அதிலை ஏறுங்கோ எண்டு நான் சொன்னனான் அக்கா,” என்றார் கிளறன்ஸ். “சேர் கேக்கேல்லை.”

ஆனந்தராசா தலை நிமிரவில்லை. பென்சிலை எடுத்து, நின்றுபோன இடத்திலிருந்து சிவப்புக் கோட்டை மெல்ல இழுத்தார். மலையைச் சுற்றி, கடற்கரையோடு போய், மெலேயின் ஊரில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஊசிமருந்து ஃபிரிட்ஜுக்கு எண்டு எழுதிவிடுறன். வெட்டுறதெண்டால் ஏன் வெட்டினவை எண்டு அவையும் எழுதவேணும். இந்தத் தரமெண்டாலும் நான் எழுதுறது உண்மையான காரணம்.”

பிறகு, வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “இவ்வளவு காலமும் அது நான்தான் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. வேலியாலை எட்டிப் பாத்த மனுசன் எண்டு நீ நினைப்பாய்.”

செல்வநாயகி ஆறிப்போன தேநீரை அவர் கைக்கு அருகே நகர்த்தி வைத்தாள்.

“ஆரெண்டு தெரியாத ஒருத்தரையோ இவ்வளவு வருஷமும் உங்களுக்கு முன்னாலை நிண்டு புகழ்ந்தனான்?” என்றாள். “நீங்கள் கம்பத்திலை ஏறின அண்டைக்குப் பின்னேரம், கிணத்தடியிலை என்ரை குடம் ரெண்டு வாளியோடை நிரம்பிட்டுது. பிறகும் ஏன் நிண்டு அள்ளி அள்ளி வாழைக்கு ஊத்தினனான் எண்டு நினைச்சியள்?”