நான்காவது மூக்கு

“மூக்கு சரியில்லயாம் புள்ள. அழிக்கட்டாம்.”

கீழே நின்று அழகரத்தினம் ஐயா இதைச் சொன்னபோது நான் சுவரோரம் கட்டிய சாரத்தின் மேல் கறுப்பு பெயின்ற் வாளியோடு குந்தியிருந்தேன். நான் வரைந்த நான்காவது மூக்கு அது.

“ஆரு சொன்னது?”

“கனடாக்காரங்கதான்.” கையிலிருந்த போனைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

நாவற்குடாவில், மீனவர் சங்கத்தின் ஐஸ் அறைச் சுவர். வாவியிலிருந்து தோணியில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அதுதான். ரொறன்ரோவில் இருக்கும் ஊர்க்காரர்கள் அங்கே தெருச் சுவர்களில் வரைந்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்றார்கள். மாதிரிக்குப் படங்களும் அனுப்பினார்கள். தடித்த கறுப்புக் கோடு, உள்ளே ஒரே நிறம், நிழலே கிடையாது, கட்டட உயரத்துக்கு ஒரு முகம்.

இறால் தெரிந்தெடுக்கும் பெண் ஒருத்தியை வரைவதாகச் சொன்னேன். எல்லோரும் சம்மதித்தார்கள். சங்கச் செயலாளர் அழகரத்தினம் ஐயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார் என்றார்கள்.

ஐந்து நாளில் முடித்திருக்க வேண்டும். இன்று பதின்மூன்றாம் நாள்.

முதலில் நெற்றி அகலமாம். குறைத்தேன். பிறகு புருவம் இரண்டும் நடுவில் லேசாகத் தொட வேண்டுமாம். தொட வைத்தேன். இடது காது கொஞ்சம் வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்றார் ஐயா. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்க வேண்டும் என்றார்.

ரொறன்ரோவில் பனிக்குள் உட்கார்ந்துகொண்டு நாவற்குடாவில் ஒருத்தியின் முன்பல்லைப் பற்றி யோசிக்கிறவர் யாராக இருக்கும் என்று எனக்கு விளங்கவேயில்லை.

இந்த வகைப் படத்தில் கறுப்புக் கோட்டை லேசில் அழிக்க முடியாது. மூன்று தரம் வெள்ளை பூச வேண்டும். வாவிக் காற்றின் ஈரத்தில் அது காய அரை நாள் போகும். பூசிப் பூசி மூக்கிருந்த இடம் சுவரில் உண்மையாகவே புடைத்துக்கொண்டு நின்றது.

வாழைச்சேனையில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் எனக்காகக் காத்துக் கிடந்தது. அந்த அதிபர் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை போன் எடுத்தார். நாளைக்கு வாறன் சேர், நாளைக்கு வாறன் சேர் என்று சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

அன்று பின்னேரம் மூன்று மணிக்குள் நான்காவது மூக்கை அழித்து ஐந்தாவதை வரைந்தேன். ஐயா வெயிலில் நகராமல் நின்று பார்த்தார். “ஓம். இதுதான்,” என்றார்.

வாளியை மூடப் போனேன்.

“அந்தச் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிழையாம்.”

தூரிகையைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு இறங்கினேன். பின்னேரம் ஐந்து மணி வரை தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவில் விடியும். இந்த வேலையை ஒழுங்கு செய்த உதயரூபன் அண்ணனின் இலக்கம் என்னிடம் இருந்தது.

பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். மூக்கு, பல், காது என்று முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.



“தங்கச்சி, நாங்க ஒண்டும் சொல்லல்லயே. முதல் கிழமை ஒரே ஒரு படம் வந்திச்சி. எல்லாருக்கும் நல்லாப் புடிச்சிது. அது இன்னும் முடியல்லயா?”

போனை வைத்துவிட்டு நடந்தேன். இப்படி ஒரு கோபம் எனக்கு வந்து கனகாலம். அவருடைய வயதைப் பார்க்கப் போவதில்லை, சங்கத்தையும் பார்க்கப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். பதின்மூன்று நாள் என்னை வைத்து விளையாடியிருக்கிறார்.

ஐஸ் அறைக்கு முன்னால் ஐயா நின்றிருந்தார். பக்கத்தில் இருபது, இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி, தோளில் பயணப் பையை இறக்காமல் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மகள், மேனுகா. கொழும்பில படிக்கிறா,” என்றார் என்னைக் கண்டதும். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அப்பா, அம்மா இப்பிடியா இருந்தா?”



பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள். “நாங்க அப்ப கடற்கரைப் பக்கம் இருந்தம். சுனாமில கடல் வந்த அண்டு எனக்கு எட்டு மாசம். அம்மாவும் போய், வீட்டோட படமெல்லாம் போயிட்டு. நான் அம்மாவக் கண்டதே இல்ல.”



“கேட்டா நீங்க செய்யமாட்டீங்க எண்டு நினைச்சிட்டன் புள்ள,” என்றார் ஐயா நிலத்தைப் பார்த்தபடி. “கனடா எண்டாச் செய்வீங்க.”

நான் தண்ணீருக்குள் கிடந்த தூரிகையை எடுத்து உதறினேன். சாரத்தில் ஏறி உதட்டுக்கு நேரே பலகையில் உட்கார்ந்தேன். இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

“சிரிக்கக்குள்ள அவக்கு உதட்டுல எந்தப் பக்கம் முதல்ல ஏறும்?” என்று மேலிருந்து கேட்டேன்.

அவர் கண்களை மூடினார்.

“வலப் பக்கம்,” என்றார்.

தூரிகையைப் பெயின்ற்றில் தோய்த்தேன்.

“பொறு புள்ள. இடப் பக்கமோ தெரியா. பொறு.”

நான் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.