வளர்பிறைத் தேன்

மலைவிடுதிக்கு வந்த அன்றே, தேனிலவு என்று ஏன் பேர் வந்தது என்று கணவனிடம் கேட்டாள் பூங்கோதை. "கல்யாணமான மாசம் பூரா வெள்ளைக்காரங்க தேன் குடிப்பாங்களாம்," என்றான் நல்லசிவம். சாப்பாடு கொண்டுவந்த சமையற்காரம்மா சிரித்தாள். "குடிக்கறது அவங்க இல்ல கண்ணு. பிறை வளர வளர தேனீதான் குடிக்கும். பௌர்ணமிக்கு அடையில சொட்டு இருக்காது. அதுக்குள்ள மாப்பிள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு." "நானென்ன தேனடையா?" என்று அவனும் சிரித்தான்.

ஜன்னலுக்கு வெளியே பெரிய தேனடை ஒன்று தொங்கியது. இரைச்சலைக் கேட்க அவன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். அந்தப் பக்கம் ஈக்கள் வந்து ஒட்டி, விரல் விரலாக, அவன் கையின் வடிவிலேயே அமர்ந்தன. அதன்பின் விடிந்தால் அங்கேதான் போய் நின்றான். பேச்சு குறைந்தது. சோறு இறங்கவில்லை. கன்னம் வற்றியது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் பூங்கோதை பெட்டியைக் கட்டிவிட்டு, ஜன்னலருகே நின்ற அவன் தோளைப் பற்றி இழுத்தாள். "வண்டி வந்திருச்சு, வாங்க." தோள் எடையே இல்லாமல் வந்தது, கை கண்ணாடியை விட்டு வரவில்லை. "இரு கோதை, கொஞ்சந்தான் பாக்கி," என்றான்.

அப்போதுதான் பார்த்தாள். அவன் கையை ஒட்டி, அவள் மோதிரத்துக்கு இடம் விட்டு, ஈக்கள் இன்னொரு சின்னக் கையை அடுக்கிக்கொண்டிருந்தன. அவள் இன்னும் கண்ணாடியைத் தொடவேயில்லை.