சிவப்பு ஸ்டிக்கர்

"அண்ணா, கதவையே பார்க்காதே. ஓடலாம்னு நினைச்சே, அவ்வளவுதான்!"

தங்கை அவன் சட்டைக் காலரை விடவே இல்லை. அவனுக்குப் பதினேழு வயது, கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். ஆஸ்பத்திரியின் ரத்தம் எடுக்கும் அறையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தான்.

"முடியலைடி. தலை சுத்துது."

"சுத்தட்டும். இவங்க ஆராய்ச்சிக்கு நாம ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்தாத்தான் அந்தக் கருவி இலவசமா கிடைக்கும். கையில ஒட்டிக்கிட்டா போதும், தினமும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டாம். ஒருத்தர் கழண்டுக்கிட்டாலும் கிடையாதுன்னு டாக்டர் சொன்னாரே, மறந்துட்டியா?"

அவன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அந்தக் கருவி வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

நர்ஸ் தட்டோடு வந்தார். அன்றுதான் இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர். வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம்.

"ஃபைல் எங்கே?"

"அம்மா வாங்கிட்டு வர்றாங்க. வரிசை நீளம்."

"மெதுவா வரட்டும், நாம முடிச்சிடலாம். சர்க்கரை இருக்கிறவங்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாதவங்களுக்குப் பச்சை." வியர்த்து வெளுத்திருந்த அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்துக் குழாயில் ஒட்டினார்.

"எதுக்கு சிஸ்டர் ரெண்டு பேர்?" நேரம் கடத்தப் பார்த்தான் அவன்.

"சர்க்கரை ஏறி இறங்கிக்கிட்டே இருந்தா உடம்புக்குள்ள வலி தெரியாம அழற்சி வரும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி செல்லெல்லாம் கெடும். உங்க வயசுலேயே அது ஆரம்பிச்சுடுதான்னு பார்க்கணும். அதுக்குத்தான் ஒரே வீட்டுல சர்க்கரை இருக்கிற பிள்ளையையும் இல்லாத பிள்ளையையும் ஒப்பிடறோம். கையை நீட்டு! தினமும் ஊசி போட்டுக்கிறவன் இப்படியா பயப்படறது?"

பல் கிட்டிப்போயிருந்த அவன் கதவைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினான். தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னைப் பாரு. அப்பா குறட்டை விடறப்போ நம்ம பூனை கட்டிலுக்கடியில ஓடி ஒளியுமே, அதை நினைச்சுக்கோ."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தினார் நர்ஸ்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

மலையைப் புரட்டிவிட்டவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். தங்கைக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

நர்ஸ் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய குழாயோடு தங்கையிடம் வந்தார். குரல் குழைந்தது. "உனக்குத்தாம்மா ஊசி புதுசு. கண்ணை மூடிக்கோ, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

அவள் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டு, நரம்பு தெரிய முஷ்டியை இறுக்கியிருந்தாள்.

"ரெண்டு ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டிடுங்க சிஸ்டர். நடுவுல சொல்லி நிறுத்தினா ஓடிடுவான்னுதான் பேசாம இருந்தேன்" என்றாள். "சர்க்கரை எனக்கு. ஊசின்னாலே மயங்கி விழற இந்தப் பயந்தாங்கொள்ளி, எனக்காகத்தான் கையை நீட்டினான்."