கல்லா, மீனா

டிசம்பர் மழை தூறுகிறது. ஓரிகன் மலையாறு பச்சைக் கண்ணாடியாகச் சரிந்து ஓட, வெர்லின் ரப்பர் காற்சட்டையோடு இடுப்பளவு நீரில் நிற்கிறான். அலபாமா ஏரியில் பாஸ் மீன் பிடித்துப் பழகிய கை. அங்கே தூண்டிலில் ஒரு தட்டல் கேட்டால் அது மீன்தான். சுண்டி இழுத்தால் படகுக்குள் கிடக்கும். இங்கேயோ நூலில் கட்டிய ஈயக்குண்டு ஆற்றடியில் உருண்டபடியே தட்டுகிறது, டொக் டொக் என்று. ஒவ்வொரு தட்டலுக்கும் அவன் சுண்டுகிறான். ஒவ்வொரு முறையும் கொக்கி பாறையிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. "அது கல்லுப்பா! கல்லப் போய் எதுக்கு இந்தச் சுண்டு சுண்டுற?" கரையில் காப்பிக் கோப்பையோடு சிரிக்கிறாள் மனைவி லொரீன், இந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவள். "எங்க ஸ்டீல்ஹெட் மீனு தட்டாது. இரைய வாயில வச்சுக்கிட்டு சும்மா நிக்கும்." "கல்லும் சும்மாதானடி நிக்குது!" அவளுக்காக ஏரிப் படகை விற்றுவிட்டு வந்தவன், இரண்டு குளிர்காலமாக ஒரு செதிலைக்கூடப் பார்க்கவில்லை. மூக்கு நுனியில் மழைத்துளி தொங்க, மறுபடி வீசுகிறான். டொக், டொக். சட்டென்று தட்டல் அடங்குகிறது. இந்த முறை அவன் சுண்டவில்லை. "போச்சு, மறுபடியும் கல்லு" என்று முனகியபடி, அறுத்துவிடுவதற்காக நூலைச் சட்டைக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றுகிறான். லொரீனின் சிரிப்பு நின்றுவிடுகிறது. கோப்பை சாய்ந்து காப்பி கூழாங்கற்களில் வழிகிறது. ஆறு கீழே ஓட, நூல் மட்டும் தண்ணீரைக் கீறிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறுகிறது, அவன் கையையும் சேர்த்து இழுத்தபடி. "லொரீன், இந்தக் கல்லு எங்கடி போகுது?"