பன்னிரண்டாவது ஆள்

கிராம சேவகர் தன் போனில் காட்டிய கடிதத்தை ஸுபைதா இரண்டு தரம் படித்தாள்.

'எனது பக்கத்து வீட்டில் இரண்டே அறைகள். ஒரே மலசலகூடம். குடியிருப்போர் பன்னிரண்டு பேர். இது சட்டத்துக்கு முரணானது. உடனடி நடவடிக்கை தேவை.'

கீழே கொஞ்சமும் கூச்சமில்லாமல் முழுப்பெயர், முகவரி, கையெழுத்து. மாணிக்கவாசகம், இளைப்பாறிய தோட்டக் கிளாக்கர்.

வருகிற புதன்கிழமை சுகாதாரப் பரிசோதகர் நேரில் வருவாராம். சொல்லிவிட்டு கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பல்லேகமப் பக்கம் மலை சரிந்து, தங்கை மஸூதாவின் வீட்டுச் சுவர் பிளந்து மூன்று மாதமாகிறது. உடுத்திய உடையோடு அலுவிகாரையில் இந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்ற ஏழு பேரையும் ஸுபைதாதான் உள்ளே கூட்டிக்கொண்டாள். அதில் மஸூதாவின் மருமகள் ஜெஸ்லா பிள்ளைத்தாய்ச்சி. ஸுபைதா வீட்டில் ஏற்கெனவே நாலு பேர். காலை நீட்டிப் படுக்க இடமில்லைதான். ஆனாலும் சிரிப்புக்குக் குறைவில்லாத வீடு.

"நாங்க ஏதாவது முகாமுக்குப் பொயிடுறோம் ராத்தா," என்றாள் மஸூதா.

"வாயை மூடு. ஊட்டு உறுதிப் பத்திரம் எங்கட பேர்ல ஈக்கிது. எங்கட ஊட்டுல யாரை வெக்கிறதுண்டு அந்தாளா செல்றது?"

சொன்னாளே தவிர, உள்ளுக்குள் உறுத்தியது. மலசலகூடக் குழி நிரம்பி, கசிந்த தண்ணீர் மாணிக்கவாசகத்தின் வாழைகளுக்கு அடியில் தேங்கி நின்றது உண்மைதான். போன மாதம் அவர் வேலியோரம் வந்தார். சத்தம் போடவில்லை.

"வீடு உங்களோடது தங்கச்சி, அதுல நான் வாய் வெக்க முடியாது. ஆனா குழித் தண்ணி என் வளவுக்குள்ள வருதே," என்றார்.

பிரதேச சபைக்குப் போய்ச் சொல்ல ஸுபைதாவுக்குப் பயம். முதலில் ஆட்களைக் குறை என்றுவிட்டால், பிள்ளைத்தாய்ச்சியோடு இவர்கள் எங்கே போவார்கள்?

அதற்காக இப்படியா முதுகில் குத்துவது? அதுவும் பதினொரு பேரைப் பன்னிரண்டு என்று கூட்டிச் சொல்லி. கடிதத்தில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிற மனுஷன், அடுத்த வீட்டு ஆளை எண்ணும்போது மட்டும் தப்பு விடுவாராக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அவருக்குப் போகும் சோற்றுப் பீங்கான் அந்த வெள்ளிக்கிழமை வேலியைத் தாண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மஸூதா ஒரு யோசனை சொன்னாள். பரிசோதகர் வரும் நேரத்துக்கு ஐந்து பேரை டவுனுக்கு அனுப்பிவிடலாம் என்று. ஸுபைதாவின் கணவர் பதுர்தீன் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ண வருகிறவருக்குப் பொய்க்கணக்குக் காட்டக்கூடாது, எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்றுவிட்டார்.

புதன்கிழமை பரிசோதகர் வந்தார். டேப் பிடித்து அறைகளை அளந்தார். குழியைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எண்ணினார். மாணிக்கவாசகம் வேலிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றார். ஸுபைதா முறைத்த முறைப்பில் அவருடைய வாழை வாடாமல் நின்றதே பெரிய காரியம்.

பரிசோதகர் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு மலசலகூடத்தை வைத்துக்கொண்டு இத்தனை பேர் இருக்கக்கூடாது. அதற்காகச் சரிந்த மலைக்கு இவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது. ஆகவே நாளைக்கே குழியை இறைக்க பவுசர் வண்டி வரும். இரண்டாவது மலசலகூடத்துக்குச் சபையே சாமான் கொடுக்கும். முறைப்பாட்டுக்கு இலக்கம் விழுந்துவிட்டதால் பதினாலு நாளைக்குள் வேலையைத் தொடங்கி மேலிடத்துக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

கேட்டது சரிதானா என்று ஸுபைதா மஸூதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

உங்களுக்காக முன்னமே மூன்று தரம் கேட்டிருக்கிறார்கள், இப்போதுதான் என் மேசைக்கு வந்தது என்றபடி பரிசோதகர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். முறைப்பாட்டுக்கு அடியில் மூன்று பழைய கடிதங்கள். மூன்றின் தலைப்பும் ஒன்றுதான்: 'மண்சரிவில் வீடிழந்த குடும்பத்துக்கு உதவி கோரல்.' மூன்றின் கீழும் மாணிக்கவாசகத்தின் கையெழுத்து.

ஒரு வாரமாக அவரைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து ஸுபைதாவுக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை போகாத பீங்கான் புதன்கிழமை மத்தியானம் கோழிக்கறியோடு வேலிக்குப் போனது.

"ஒரு வார்த்தை செல்லியிருக்கலாமே ஐயா."

"சொல்லியிருந்தா நீங்க அந்தப் பரிசோதகர் மாத்தையாவைச் சிரிச்சு வரவேத்து, டீ ஊத்திக் குடுத்திருப்பீங்க. அவர் இது சண்டையே இல்லன்னு நெனச்சுப் போயிருப்பாரு. உதவின்னு எழுதுனா ஃபைல்ல போட்டு வெப்பாங்க தங்கச்சி. குத்தம்னு எழுதுனாத்தான் பதில் சொல்லணும். முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்தவன், எனக்குத் தெரியாதா?"

"அது சரி. நாங்க பதினொரு பேர்தானே. பன்னெண்டுண்டு ஏன் எழுதினீங்க?"

மாணிக்கவாசகம் பீங்கானை வாங்கிக்கொண்டு, வாசலில் இடுப்பைப் பிடித்தபடி நின்ற ஜெஸ்லாவைக் காட்டினார்.

"கக்கூஸ் கட்டி முடியிறதுக்குள்ள அவளுக்குக் கொழந்த பொறந்துருமே. அதையும் சேர்த்துத்தான் எண்ணுனேன்."