ஜீப் ஸ்டாண்டில் மூச்சுப் பரிசோதனை

போடி ஜீப் ஸ்டாண்டில் இப்போதுதான் வெளிச்சம் வருகிறது. போன கோடையில் ஏலக்காய்த் தோட்டத்துக் காட்டுத்தீயை அணைத்த பெண்களின் நுரையீரலை ஆராய வந்திருக்கும் நுஸ்ரத், தோட்ட வேலைக்குப் போகும் வரிசையில் முதலில் நிற்கும் செல்லத்தாயிடம் ஊதுகுழாயை நீட்டுகிறாள். “நல்லா இழுத்து ஊதுங்கக்கா.” செல்லத்தாயின் கண்ணெல்லாம் ஜீப்பருகே நிற்கும் கங்காணி மேல். இருமல்காரி என்று தெரிந்தால் இன்றோடு அவளுக்கு மலையில் சோலி இல்லை. ஊதுகிறாள், பாதியிலேயே இருமல் நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. “யாருத்தா அது இருமுறது?” கங்காணி திரும்புகிறார். வரிசையில் அடுத்து நிற்கும் அனுசியா வேண்டுமென்றே இருமுகிறாள். அவளுக்குப் பின்னால் நிற்பவளும் இருமுகிறாள். பிறகு வரிசையே இருமுகிறது. “எல்லாருக்குந்தாண்ணே இருமலு. எங்கள விட்டுட்டு நீங்களே போயிக் காய் எடுங்க,” என்கிறாள் அனுசியா. “வாய் மட்டும் குறையல. வெரசா ஏறுங்க,” என்று கங்காணி ஜீப்புக் கதவைத் திறக்கிறார். செல்லத்தாய் நடுவில் ஏறி உட்கார்ந்து, மிச்ச இருமலை நிம்மதியாக இருமித் தீர்க்கிறாள்.